விலை போகாத முத்துக்கள்
சீன ஓவியர் ஷூ வெய் வாழ்க்கைக் கதை

ஒரு கொடி. அதில் தொங்கும் திராட்சைக் குலைகள். மேலே சாய்ந்தும் சரிந்தும் எழுதிய நாலு வரிக் கவிதை. இவ்வளவுதான் அந்தப் படம்.

படத்தில் பச்சை இல்லை. சிவப்பு இல்லை. எல்லாம் கறுப்பு மை. ஐந்தரை அடி உயரம், இரண்டு அடி அகலமுள்ள காகிதம்.

இந்தப் படம் இன்று பீகிங் அரண்மனைப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. சீன நாட்டின் பெரும் செல்வங்களில் ஒன்றாக அதைப் பாதுகாக்கிறார்கள்.

ஆனால் இதை வரைந்தவர் உயிரோடு இருந்தபோது, படுக்கப் பாய்கூட இல்லாமல் வைக்கோலில் படுத்தார்!

அவர் பெயர் ஷூ வெய். நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவருடைய கதை கண்ணீர்க் கதை. அதில் மன்னிக்க முடியாத ஒரு குற்றமும் உண்டு.

பிள்ளைப் பருவம்

சீனாவின் கிழக்குப் பகுதியில் ஷாவ்சிங் என்று ஓர் ஊர். கால்வாய்களும் கல் பாலங்களும் நிறைந்த ஊர். அங்கே 1521-ம் ஆண்டில் ஷூ வெய் பிறந்தார்.

தந்தை சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். மூத்த தாரத்தின் மூலம் அவருக்கு இரண்டு பிள்ளைகள். அந்த மனைவி இறந்த பிறகு இரண்டாம் தாரம் கட்டினார். அந்த அம்மாளின் வேலைக்காரிதான் ஷூ வெய்யைப் பெற்ற தாய்.

குழந்தை பிறந்து நூறு நாள் ஆயிற்று. தந்தை கண்ணை மூடிவிட்டார்.

பிள்ளையைப் பெரியம்மாதான் வளர்த்தாள். தன் வயிற்றில் பிறந்த பிள்ளையைப் போலவே வளர்த்தாள். ஆனால் குடும்பம் நொடித்துக்கொண்டே வந்தது. வேலைக்காரர்களை அனுப்பினார்கள். அப்போது பெற்ற தாயையும் வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஷூ வெய்க்கு வயது சுமார் பத்து.

தாய் போன வழியையே பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றது. மீண்டும் தாயைத் தன் வீட்டுக்கு அழைத்து வர, அவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

சிறுவன் படிப்பில் சூரன். ஊரே அவன் அறிவைக் கண்டு வியந்தது. இவன் பெரிய அதிகாரியாக வருவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

எட்டுத் தடவை தோல்வி

அந்தக் காலத்துச் சீனாவில் மேலே வர ஒரே வழிதான் உண்டு. அது பரீட்சை.

முதலில் உள்ளூர்ப் பரீட்சை. அதில் தேறினால் மாகாணப் பரீட்சை. அதிலும் தேறினால் தலைநகரில் பரீட்சை. எல்லாவற்றிலும் வென்றால் பதவி, பணம், பல்லக்கு எல்லாம் வரும். தோற்றால் ஒன்றும் இல்லை.

மாகாணப் பரீட்சை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும். சிறு சிறு அறைகளில் மாணவர்கள் அடைபட்டு, நாள் கணக்கில் எழுதுவார்கள். கட்டுரையை இத்தனை பகுதியாக, இந்த முறையில்தான் எழுத வேண்டும் என்று கடுமையான விதி உண்டு. சொந்தக் கருத்துக்கு அங்கே இடம் இல்லை.

ஷூ வெய்க்கு எதையும் சொந்தமாக எழுதித்தான் பழக்கம்.

உள்ளூர்ப் பரீட்சையில் 1540-ல் தேறினார். மாகாணப் பரீட்சைக்குப் போனார். தோற்றார். மூன்று ஆண்டு கழித்து மறுபடியும் போனார். மறுபடியும் தோற்றார்.

இப்படி ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. எட்டுத் தடவை! கடைசித் தடவை தோற்றபோது அவருக்கு வயது நாற்பது. அத்துடன் அந்தக் கதவு அடைத்துவிட்டது.

இதற்கிடையில் வீட்டிலும் இடி மேல் இடி. இருபது வயதில் கல்யாணம் நடந்தது. மாமனார் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தார். மனைவியிடம் அவருக்கு மிகுந்த பிரியம். ஆனால் 1546-ல், ஓர் ஆண் குழந்தையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு, காச நோயால் அவள் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பதுதான்.

அண்ணன்மார்களும் இறந்தார்கள். பூர்வீக வீடு வழக்கில் போயிற்று. ஷூ வெய் ஒரு சிறிய பள்ளிக்கூடம் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

தளபதி வீட்டில்

அந்த நாளில் சீனாவின் கடற்கரையைக் கடற்கொள்ளைக்காரர்கள் சூறையாடினார்கள். அவர்களை அடக்க ஹூ சோங்ஷியன் என்ற பெரிய தளபதியைச் சக்கரவர்த்தி நியமித்தார். ஷூ வெய்யின் எழுத்துத் திறமை தளபதியின் காதுக்கு எட்டியது. தன்னிடம் எழுத்தராக வரும்படி அழைத்தார்.

1558-ல் ஒரு வெள்ளை மான் பிடிபட்டது. வெள்ளை மான் என்றால் நல்ல சகுனம் என்று சக்கரவர்த்தி நம்புவார். மானை அரண்மனைக்கு அனுப்ப வேண்டும். கூடவே அழகான கடிதமும் போக வேண்டும். ஷூ வெய் எழுதிய கடிதத்தைத் தளபதி தேர்ந்தெடுத்து அனுப்பினார்.

சக்கரவர்த்திக்கு ஒரே ஆனந்தம்! தளபதியின் மதிப்பு உயர்ந்தது. கடிதத்தின் கீழே இருந்தது தளபதியின் பெயர்தான். அதை எழுதிய ஏழையின் பெயர் அதில் இல்லை.

ஆனால் தளபதி நன்றி மறக்கவில்லை. மற்ற அதிகாரிகள் அவர் முன் தலை குனிந்து, நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். ஷூ வெய்யோ கிழிந்த தொப்பியும் சாதாரண வெள்ளை உடையுமாக நேரே உள்ளே போவார். மனதில் பட்டதைச் சொல்வார். சில நாள் இரவில் அவர் ஊருக்குள் குடித்துக் கிடப்பார். அவர் வருவார் என்று தளபதி வாசல் கதவைத் திறந்தே வைத்திருப்பார்.

ஒரு கோபுர மாளிகையைப் பற்றி ஷூ வெய் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார். அதற்குத் தளபதி 220 வெள்ளிப் பணம் கொடுத்தார். அதைக் கொண்டு ஷூ வெய் ஒரு வீடு வாங்கினார். எழுத்துக்குக் கிடைத்த வீடு என்று பொருள்படும்படி அதற்குப் பெயர் வைத்தார். தன் எழுத்துக்கு ஒரு விலை கிடைத்ததே என்று அவருக்கு அத்தனை சந்தோஷம்!

பரீட்சை விஷயத்திலும் தளபதி உதவப் பார்த்தார் என்று சொல்வார்கள். திருத்தும் அதிகாரிகளையெல்லாம் கூப்பிட்டு, ஷூ வெய் மகா மேதை, கவனியுங்கள் என்று சொல்லி வைத்தாராம். ஒரே ஓர் அதிகாரி மட்டும் தாமதமாக வந்தார். அவரிடம் சொல்லத் தளபதி மறந்துவிட்டார். ஷூ வெய்யின் தாள் சரியாக அவர் கையில் போய்ச் சேர்ந்தது!

இடி விழுந்தது

நல்ல காலம் நீடிக்கவில்லை. 1562-ல் பெரிய மந்திரி பதவி இழந்தார். அவருக்கு வேண்டியவர் என்று தளபதியையும் பிடித்தார்கள். ஒரு முறை விட்டார்கள். மறுபடியும் பிடித்தார்கள். 1565-ல் தளபதி சிறையிலேயே உயிரை விட்டார்.

தளபதியிடம் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் நடுக்கம் பிடித்தது. அடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது.

ஷூ வெய்யின் மனம் தாங்கவில்லை. அவருக்குச் சித்தம் கலங்கிற்று. தன் கல்லறையில் பொறிப்பதற்கான வாசகத்தைத் தானே எழுதி வைத்தார். பல முறை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். ஒவ்வொரு முறையும் பிழைத்தார்.

பிறகுதான் அந்தக் கொடுமை நடந்தது.

முதல் மனைவி இறந்த பின் அவர் செய்துகொண்ட மறுமணம் நிலைக்கவில்லை. மூன்றாவதாக ஒரு பெண்ணைக் கட்டினார். அவளுக்கு ஓர் ஆண் குழந்தையும் பிறந்தது. 1566-ல், வெறி பிடித்த நிலையில், அவளைச் சந்தேகப்பட்டு, ஷூ வெய் அவளைக் கொன்றுவிட்டார்.

சித்தம் கலங்கியவர் செய்தது என்று சொல்லலாம். ஆனால் போன உயிர் போனதுதான். நாலு வயதுக் குழந்தை தாயை இழந்து நின்றது. தாயைப் பிரிந்த வேதனை எப்படி இருக்கும் என்று ஷூ வெய்க்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தவர் கையாலேயே அது நடந்தது. எத்தனை அழகான படம் வரைந்தாலும் அந்தக் கறையைத் துடைக்க முடியாது.

ஏழு ஆண்டு சிறை

அவரைச் சிறையில் அடைத்தார்கள். கையிலும் காலிலும் விலங்கு. மரண தண்டனை தலைக்கு மேல் தொங்கிற்று.

1568-ல், அவரைப் பெற்ற தாய் இறந்தாள். அடக்கம் செய்துவிட்டு வர மட்டும் அவரை வெளியே விட்டார்கள். அடக்கம் முடிந்ததும் மறுபடியும் சிறை.

நாளடைவில் விலங்கைத் தளர்த்தினார்கள். சிறைக்குள் அவர் படித்தார். எழுதினார். பழைய நூலுக்கு உரை எழுதினார்.

அவருக்காக ஒரு குடும்பம் பாடுபட்டது. ஊரில் செல்வாக்குள்ள சாங் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை சாங் யுவான்பியன், 1571-ல் தலைநகர்ப் பரீட்சையில் நாட்டிலேயே முதலாவதாகத் தேறினார். எட்டுத் தடவை தோற்றவருக்காக, முதலாவதாக வென்றவர் அதிகாரிகளிடம் மன்றாடினார்.

1573-ல், புதிய சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்த சமயத்தில், ஷூ வெய் விடுதலையானார். உள்ளே இருந்த காலம் ஏழு ஆண்டு. வெளியே வந்தபோது வயது ஐம்பத்திரண்டு. உத்தியோகம் இல்லை. வீடு இல்லை. மிச்சம் இருந்தவை ஒரு தூரிகையும் கொஞ்சம் மையும்தான்.

மையே போதும்

அதன் பிறகுதான் அவருடைய பெரிய படங்கள் பிறந்தன.

சீனத்து மை கட்டியாக இருக்கும். அதைக் கல்லில் வைத்துத் தண்ணீர் விட்டு உரைப்பார்கள். தண்ணீர் குறைந்தால் அட்டக் கறுப்பு. கூடினால் புகை போன்ற சாம்பல் நிறம். காகிதம் மையை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கோடு போட்டால் போட்டதுதான். அழிக்க முடியாது. திருத்தவும் முடியாது.

அரண்மனை ஓவியர்கள் முதலில் மெல்லிய கோடு போடுவார்கள். பிறகு அதற்குள் பல நாள் வண்ணம் தீட்டுவார்கள். ஷூ வெய் கோடு போடவே இல்லை. ஈரத் தூரிகையை எடுத்து அப்படியே வீசினார். ஒரு வீச்சு, அது ஓர் இலை. ஒரு புள்ளி, அது ஒரு பழம். மை கசிந்து ஒன்றோடு ஒன்று கலக்கும். தள்ளி நின்று பார்த்தால், காற்றில் ஆடும் கொடி!

சீன ஓவியத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. படம் வரைந்தவரே அதன் மேல் கவிதையும் எழுதுவார். கீழே முத்திரை குத்துவார். படம் சொல்லாததைக் கவிதை சொல்லும். கவிதை மறைப்பதைப் படம் காட்டும்.

ஷூ வெய் தன் மனக்குறையை இந்த இடத்தில்தான் கொட்டினார். திராட்சைப் படத்தின் கவிதையில், வாழ்ந்து கெட்ட ஒரு கிழவர் தன்னந்தனியாக நிற்கிறார். தன் தூரிகையில் பிறந்த பழங்களை முத்துக்கு ஒப்பிடுகிறார். வாங்க ஆள் இல்லாத முத்துக்கள், காட்டுக்கொடியின் நடுவே கிடக்கின்றன. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இல்லை.

நண்டுப் படம் ஒன்றும் வரைந்தார். தாமரை இலையின் கீழே ஒரு நண்டு நிமிர்ந்து போகிறது. மஞ்சள் ஓடு என்ற சீனச் சொல்லுக்கு, பெரிய பரீட்சையில் தேறியவர்களின் பட்டியல் என்றும் பொருள் உண்டு. உள்ளே சரக்கு இருக்கிறதோ இல்லையோ, நேரம் வந்தால் பட்டம் கிடைத்துவிடுகிறது என்று அதன் மேல் கேலிக் கவிதை எழுதினார். எட்டுத் தடவை தோற்றவரின் சிரிப்பு அது!

செல்வத்துக்கு அடையாளம் பியோனி என்னும் மலர். எல்லோரும் அதைச் சிவப்பாகத் தீட்டுவார்கள். ஷூ வெய் அதையும் கறுப்பு மையால் வரைந்தார். ஏழையான தனக்கும் அந்தப் பணக்காரப் பூவுக்கும் ஒட்டாது என்று காரணமும் சொன்னார்.

நாடகமும் எழுதினார். குரங்கின் நான்கு கதறல்கள் என்பது அவருடைய நாலு நாடகங்களின் தொகுதி. ஒன்றில், கொடியவன் ஒருவனின் குற்றங்களை முரசு அடித்துச் சொல்கிறான் ஒரு புலவன். இன்னொன்றில், தந்தைக்குப் பதிலாகப் போருக்குப் போகிறாள் முலான் என்ற பெண். மற்றொன்றில், ஆண் வேடம் போட்ட பெண் பரீட்சையில் முதலாவதாகத் தேறுகிறாள். தனக்குக் கிடைக்காத வெற்றியை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார் ஷூ வெய்.

முறிந்த நட்பு

விடுதலைக்குப் பிறகு அவர் பல ஊர் சுற்றினார். வடக்கு எல்லைக்குப் போய் மங்கோலியர் வாழ்க்கையைப் பார்த்தார். 1580-ல் சாங் யுவான்பியன் அழைத்து, தலைநகருக்குப் போனார்.

சாங் ஒழுங்கு தவறாத மனிதர். இப்படி நட, அப்படிப் பேசு என்று அடிக்கடி புத்தி சொன்னார். ஷூ வெய்க்குப் பொறுக்கவில்லை. கொலைக் குற்றத்துக்குத் தண்டனை கழுத்தில் ஒரே வெட்டுத்தான், நீங்களோ என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறீர்களே என்று சீறினார். உயிரைக் காப்பாற்றியவரிடமே கோபித்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

1588-ல் சாங் இறந்துவிட்டார். ஷாவ்சிங்கில் துக்க வீடு. யாரோ ஒரு கிழவர் வெள்ளை உடை உடுத்தி உள்ளே வந்தார். சவப்பெட்டியைத் தடவித் தடவி அழுதார். பெயர் சொல்லவில்லை. யாரிடமும் பேசாமல் போய்விட்டார். பிறகுதான் வந்தவர் ஷூ வெய் என்று வீட்டாருக்குத் தெரிந்தது.

கடைசி நாட்கள்

முதுமையில் வறுமை முற்றிற்று. அதிகாரிகள் பலர் படம் கேட்டு அவர் வாசலுக்கு வந்தார்கள். அவர் உள்ளேயிருந்து கதவைத் தள்ளிப் பிடித்துக்கொள்வார். ஷூ வெய் வீட்டில் இல்லை என்று அவரே கத்துவார்!

சாதாரண ஜனங்கள் மீனும் நண்டும் கொடுத்தால் படம் கிடைக்கும். கையில் காசு இருக்கும் நாளில் யார் கேட்டாலும் கிடைக்காது.

வயிற்றுக்காக ஆயிரக்கணக்கான புத்தகங்களை விற்றார். கொசுவலை கிழிந்தது. பாய் கிழிந்தது. மாற்றப் பணம் இல்லை. வைக்கோலைப் பரப்பிப் படுத்தார்.

1593-ல் ஷூ வெய் இறந்தார். வயது எழுபத்திரண்டு. அன்று அவர் பெயர் ஊர் எல்லைக்கு அப்பால் அதிகம் தெரியாது.

நள்ளிரவில் ஒரு கூச்சல்

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை.

நாலு ஆண்டு கழிந்தது. 1597-ல் யுவான் ஹோங்தாவ் என்ற இளம் எழுத்தாளர் ஷாவ்சிங்குக்கு வந்தார். நண்பர் தாவ் வாங்லிங் வீட்டில் தங்கினார். ஒரு நாள் இரவு தூக்கம் வரவில்லை. அலமாரியில் கை விட்டு ஏதோ ஒரு புத்தகத்தை உருவினார்.

மட்டமான காகிதம். மங்கிய அச்சு. எழுத்தே சரியாகத் தெரியவில்லை. விளக்கின் பக்கத்தில் பிடித்துப் படித்தார். இரண்டு மூன்று கவிதை படித்தார். துள்ளி எழுந்தார்!

ஓடிப்போய் நண்பரை எழுப்பினார். இதை எழுதியவர் யார், பழைய காலத்தவரா, இந்தக் காலத்தவரா என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பெரியவர்தான், சில ஆண்டுக்கு முன் இறந்துபோனார் என்றார் நண்பர்.

இருவரும் விளக்கடியில் உட்கார்ந்தார்கள். படித்தார்கள். கத்தினார்கள். மறுபடியும் படித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த வேலைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று பயந்து எழுந்தார்கள்.

இப்படி ஒரு மேதை நம் காலத்தில் வாழ்ந்தும் நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று யுவான் வருந்தினார். ஷூ வெய்யின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1600-ல் அவருடைய நூல்கள் தொகுதியாக வெளிவந்தன. சீனா முழுதும் அவர் பெயர் பரவிற்று.

இருபதாம் நூற்றாண்டில் சி பாய்ஷி என்று ஒரு பெரிய ஓவியர் இருந்தார். 1957-ல் இறந்தவர். உலகப் புகழ் பெற்றவர். முந்நூறு ஆண்டுக்கு முன்னாலேயே பிறந்திருந்தால் ஷூ வெய்க்கு மை உரைத்துக் கொடுத்திருப்பேனே, அவர் உள்ளே விடாவிட்டாலும் பட்டினியோடு வாசலிலேயே கிடந்திருப்பேனே என்று அவர் ஏங்கினார்.

ஷூ வெய் தன் திறமைகளைத் தானே வரிசைப்படுத்தியிருந்தார். முதலில் கையெழுத்துக் கலை. அடுத்தது கவிதை. மூன்றாவது உரைநடை. ஓவியம் கடைசி! கடைசி என்று அவரே ஒதுக்கியதுதான் இன்று அவர் பெயரைக் காப்பாற்றுகிறது. தன் மதிப்பு உலகத்துக்குத் தெரியவில்லை என்று வருந்தியவர், தன் ஓவியத்தின் மதிப்பைத் தானே அறியவில்லை.

ஷாவ்சிங்கில் அவர் பிறந்த வீடு இன்னும் இருக்கிறது. சிறிய வீடு. சிறிய குளம். பக்கத்தில் ஒரு கொடி. பச்சைக்கொடிப் படிப்பறை என்று அதற்குப் பெயர். பள்ளிப் பிள்ளைகளும் ஊர் பார்க்க வந்தவர்களும் வரிசையாக உள்ளே போய்ப் பார்த்து வருகிறார்கள்.

அதிகாரிகளுக்குக்கூடக் கதவைத் திறக்காத மனிதர் பிறந்த வீடு. இன்று யார் வந்தாலும் அதன் கதவு திறக்கிறது.